இரவு டூட்டிக்கும் திறந்திருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகம்: 14 மாத அனுபவம்

மதுரை கே.கே. நகர் பக்கம், வெளியே பெரிதாக போர்டு எதுவும் இல்லாத ஒரு வீடு. கீழ்த்தளம் முழுக்கக் குழந்தைகள் காப்பகம். காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள், இரவு தங்கும் குழந்தைகள் இருந்தால் விடிய விடிய ஆள் இருக்கும். ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரும் அவருடைய தங்கையும் சேர்ந்து நடத்துகிறார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. மொத்தம் 18 குழந்தைகளுக்குத்தான் இடம், ஏற்கெனவே ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், இனி யாருக்கும் வழி சொல்ல வேண்டாம் என்று அக்காவே கேட்டுக்கொண்டார். ஆனாலும் எழுதுகிறேன். இப்படி ஒரு இடம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் வேறு ஊரில் யாராவது தொடங்கலாம், அல்லது உங்கள் ஊரில் இருக்கும் காப்பகத்தில் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாவது தெரியும்.

நான் மயக்க மருந்து டாக்டர், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கணவர் அறுவை சிகிச்சை மருத்துவர், ராமநாதபுரத்தில் அரசுப் பணி, சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார். மகளுக்கு இப்போது மூன்று வயது. எங்கள் வேலையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் நான் சொல்லப்போவது புரியும். ஆபரேஷன் எத்தனை மணிக்கு முடியும் என்று எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது, முடிகிற வரை நோயாளியின் தலைமாட்டை விட்டு நகரவும் முடியாது. நாலரைக்கு முடிய வேண்டிய அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் ஏழு மணி வரை இழுக்கும். கிளம்பலாம் என்று தொப்பியைக் கழற்றும்போது லேபர் வார்டிலிருந்து போன் வரும், வயிற்றுக் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, சிசேரியன், உடனே. அந்த நேரத்தில் 'என் பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. டேபிளில் இருப்பதும் ஒரு தாயும் பிள்ளையும்தானே.

மகள் பிறந்து ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் கொடுத்த 26 வாரம் அதோடு முடிந்தது. 2021இலிருந்து தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு 12 மாதம், தனியாரில் எங்களுக்கு இவ்வளவுதான். அடுத்த ஒன்பது மாதம் அம்மா கூட இருந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் காரைக்குடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, அம்மா அங்கே போயே ஆக வேண்டியதாயிற்று. அப்போது அவசரமாகத் தேடிச் சேர்த்தது வேறொரு காப்பகம். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

அந்த இடத்தில் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. குளிர்சாதன அறை, சுவரெல்லாம் படம், போனில் கேமரா பார்க்கலாம், தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். மாலை ஆறு மணிக்கு மூடுவார்கள். ஆறே காலுக்கு மேல் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் 200 ரூபாய். பணத்தைக் கட்டிவிடலாம். 'சில பெற்றோர் தொடர்ந்து தாமதமாக வருகிறார்கள், குழந்தையின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்' என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திதான் தாங்க முடியாது. பெயர் இருக்காது, ஆனால் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் குடலில் ஓட்டை விழுந்து வந்த நோயாளிக்கு ஆபரேஷன், முடிய ஏழே முக்கால் ஆகிவிட்டது. போன் லாக்கரில் இருந்தது, எடுத்துப் பார்த்தால் பதினோரு தவறிய அழைப்புகள். ஓடிப் போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன் நாற்காலியில், ஷூ போட்டு, பையைத் தோளில் மாட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் செய்திருப்பேன். ஒரு வயது ஒன்பது மாதப் பிள்ளை காத்திருக்கப் பழகிவிட்டதைப் பார்த்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை.

அங்கே வேலை பார்த்த ஆயாக்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும், ஆறு மணிக்கு மூட வேண்டும் என்பதில் தப்பே இல்லை. எங்கள் வேலைக்கும் அந்த நேரத்துக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் அப்போது அப்படி நினைக்கத் தோன்றவில்லை. நான் சரியான அம்மா இல்லை என்றுதான் தோன்றியது.

மனச்சோர்வு எப்போது தொடங்கியது என்று தேதி சொல்ல முடியாது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், அதற்கப்புறம் தூக்கம் வராது, அன்றைய லிஸ்டில் எது இழுக்கும் என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாடு ருசிக்கவில்லை. கணவர் போனில் பேசினால் பதில் சொல்லவே சலிப்பு. மகள் மடியில் ஏறினால் கூட உடம்பில் ஒன்றும் அசையாது, அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. மருந்து அளவு தப்பவில்லை, ஒரு கேஸிலும் கை நடுங்கவில்லை. வேலை ஒழுங்காக நடக்கிறது, அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லை என்று பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறோம். எல்லாம் போன பிறகும் கடைசியாகத்தான் வேலை கைவிட்டுப் போகிறது.

தியேட்டர் சிஸ்டர் ஒருவர்தான் முதலில் கேட்டார், "மேடம், நீங்க இப்பல்லாம் யார் முகத்தையும் பாக்குறதில்லையே" என்று. அன்றிரவு டூட்டி ரூமில் உட்கார்ந்து, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளை எடுத்து எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண், 10 வந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட வலிக்காக வரும் நோயாளிகளுக்கு நானே எத்தனையோ முறை கொடுத்த தாள் அது. எனக்கு 16 வந்தது. உயிரோடு இருப்பதைப் பற்றிக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்று உடனே குறிக்க எனக்குக் கை வரவில்லை. 14416க்கு அடித்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நான் டாக்டர் என்று சொல்லாமலே இருபது நிமிஷம் பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் என்னை அவசரப்படுத்தவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அந்த ஒன்பதாவது கேள்வியில் கை நின்றால், தயவுசெய்து அந்த எண்ணில் பேசுங்கள், அன்றைக்கே பேசுங்கள்.

அப்புறம் திருச்சியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். மதுரையில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அவ்வளவு தூரம் போனேன். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தருகிறது என்பதை அந்த மருத்துவர் சொல்லித்தான் நானே கவனித்துப் படித்தேன். மாத்திரை தொடங்கினார். கூடவே ஒரு வேலை கொடுத்தார், இரண்டு வாரம் நாள் முழுக்க எந்த மணியில் எங்கே இருந்தேன், அன்றிரவு எப்படித் தூங்கினேன் என்று எழுதி வரச் சொன்னார். எழுதிப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. மோசமான இரவுகள் எல்லாமே மாலையில் மகளைக் கூட்டப் போகத் தாமதமான நாட்கள், அல்லது மறுநாள் டூட்டி என்னவென்று தெரியாத நாட்கள். கடினமான கேஸ் இருந்த நாட்களில், நேரத்துக்கு வெளியே வந்திருந்தால், நன்றாகவே தூங்கியிருக்கிறேன்.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே வரும் மோதலை கிரீன்ஹவுஸ், பியூட்டெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985இலேயே மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள் என்று அவர்தான் விளக்கினார். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க வேண்டிய நெருக்கடி ஒன்று. ஒரு இடத்தின் களைப்பும் இறுக்கமும் இன்னொரு இடத்துக்கு வந்து சேர்வது இரண்டாவது. மூன்றாவது, ஒரு இடத்தில் தேவைப்படும் நடத்தை இன்னொரு இடத்தில் வேலைக்கு ஆகாமல் போவது. மூன்றாவதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் தைத்தது. தியேட்டரில் சுருக்கமாக, சத்தமாக, மறுபேச்சு இல்லாமல் பேச வேண்டும், அது நோயாளியின் உயிருக்கு நல்லது. அதே குரலில் வீட்டில் 'பால் குடி, இப்பவே' என்று சொன்னால் பிள்ளை மிரண்டு போகிறது. கடைசியில் அவர் சொன்னது இது: மாத்திரை உங்கள் தூக்கத்தைச் சரிசெய்யும், மாலை ஆறு மணியைச் சரிசெய்யாது, அதற்கு வேறு ஏற்பாடு பாருங்கள்.

ஊருக்குத் திரும்பி ஒரு ஆய்வைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்கள் 3,121 பேரிடம் எடுத்தது, 2017இல் வெளியானது. பயிற்சி தொடங்கி ஆறு மாதத்தில் ஆண்கள் பெண்கள் இருவருக்குமே மனச்சோர்வு அறிகுறிகள் கூடியிருந்தன, பெண்களுக்கு இன்னும் அதிகமாக. வேலை-குடும்ப மோதலைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது இருவருக்கும் இடையிலான அந்த வித்தியாசத்தில் 36 சதவீதம் குறைந்துவிட்டது. நான் பல மாதம் என் குணத்தின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவோ பங்கு ஒரு கடிகாரத்தின் குறை. இது தெரிந்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதலை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

சரி, இப்போது காப்பகம்.

இங்கே விசாரிக்கப் போன முதல் நாள் அக்கா கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு வழக்கமா எத்தனை மணி ஆகும், மோசமான நாள்ல எத்தனை மணி ஆகும்?" என்பது. ஏழு, மோசமான நாளில் பத்து என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். காலையிலிருந்து எட்டு மணி வரை மாதம் 7,000 ரூபாய். அதற்கு மேல் பதினோரு மணி வரை ஒரு நாளுக்கு 150, இரவு தங்கினால் 400. அபராதம் என்று ஒன்று கிடையாது. தாமதத்தை ஒரு சேவையாக வைத்து அதற்கு விலை சொல்லிவிட்டதால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முந்தைய இடத்தில் நான் கட்டிய அபராதத்தோடு பார்த்தால் மாதம் ஆயிரம் ரூபாய் குறைவாகவே ஆகிறது.

போன் விஷயத்தில் இவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. என் கைபேசிக்கு அடிக்க மாட்டார்கள், தியேட்டரின் லேண்ட்லைன் எண்ணை வாங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று காரணத்துக்கு மட்டும் அதில் கூப்பிடுவார்கள்: காய்ச்சல், கீழே விழுந்து அடி, நாள் முழுக்க எதுவும் சாப்பிடாதது. ஆகவே போன் வரவில்லை என்றால் பிள்ளை நன்றாக இருக்கிறாள். மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு நிமிஷக் குரல் பதிவு வரும், கேஸ் நடுவில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, முடிந்து கேட்கலாம். முன்பு போனை லாக்கரில் வைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். கடந்த 14 மாதத்தில் லேண்ட்லைனில் ஆறு முறைதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மருந்து கொடுப்பதில் அக்காவின் நர்ஸ் அனுபவம் தெரிகிறது. நோட்டில் நம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டதைத் தவிர எதுவும் கொடுக்க மாட்டார். எழுதியதும் மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று மூன்றையும் திரும்பப் படித்துக் காட்டி, நாம் ஆமாம் என்ற பிறகுதான் பாட்டிலை வாங்குவார். தியேட்டரில் நாங்கள் செய்வதும் இதுதான். கூட்டிப் போக யார் வரலாம் என்பதற்கு மூன்று பெயர், மூன்று புகைப்படம், நான்காவது ஆள் வந்தால் பிரதமரே ஆனாலும் பிள்ளையைத் தர மாட்டேன் என்பார்.

சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. காலையில் சத்துமாவுக் கஞ்சி, பதினோரு மணிக்கு வாழைப்பழமோ முட்டையோ, மதியம் நெய் விட்ட பருப்பு சாதம் இல்லையென்றால் ரசம் சாதம், ஒரு காய், நாலு மணிக்குச் சுண்டல், இரவு இட்லி. என் மகள் வெண்டைக்காய் சாப்பிடக் கற்றுக்கொண்டது இங்கேதான். தூங்கப் பாய், கைக்குழந்தைகளுக்குத் தூளி. பிள்ளைகள் எல்லோரும் அக்காவை அம்மாச்சி என்று கூப்பிடுகிறார்கள்.

ஆனால் இந்த இடத்தை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது வாசலில் இருக்கும் ஒரு சின்னத் திண்ணை. கூட்டிப் போக வரும் யாரையும் அக்கா நேராக உள்ளே விட மாட்டார். "பத்து நிமிஷம் உக்காருங்க டாக்டரம்மா, சாப்டீங்களா, அப்புறமா பாப்பாவக் கூப்பிடுறேன்" என்பார். தண்ணீரோ சுக்குக் காபியோ வரும். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏற்கெனவே தாமதம், இதில் பத்து நிமிஷம் வேறா என்று. பிறகுதான் புரிந்தது, முப்பது வருஷம் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போன ஒரு பெண்ணுக்கு அந்தப் பத்து நிமிஷத்தின் அருமை தெரிந்திருக்கிறது. தியேட்டர் குரல் அந்தத் திண்ணையில்தான் இறங்குகிறது. போன மார்ச்சில் ஒரு நாள் டேபிளிலேயே ஒரு நோயாளியை இழந்தோம், இருபத்தாறு வயது, பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கு. இரவு ஒன்பதரைக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, மகள் தூங்கிவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அரை மணி நேரம் ஆனது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அது, அதற்குக் கட்டணம் எதுவும் நோட்டில் ஏறவில்லை.

குறைகள் உண்டு. 18 குழந்தைகளுக்கு ஒரே கழிவறை, அதுவும் பெரியவர்கள் அளவில், சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி கூட இல்லை, இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் நாலே நாளில் எல்லோருக்கும் வரும். இரவு எட்டு மணிக்கு மேல் டிவி ஓடுகிறது, ஆயா சமையலறையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு வழி இல்லை என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேமரா கிடையாது. கேமரா வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம், எனக்கு அந்தக் குரல் பதிவே போதும். ஞாயிற்றுக்கிழமை முந்தின புதன்கிழமைக்குள் சொன்னால்தான் இடம்.

பெரிய குறை காய்ச்சல் விதி. பிள்ளைக்கு 100.4 பாரன்ஹீட் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து கூட்டிப் போக வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்காக வைத்த விதி, நியாயம்தான், ஆனால் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் நான் எப்படி வருவேன்? பழைய சிக்கல் இங்கேயும் வந்து நின்றது. பெற்றோர்கள் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வழி செய்தோம். எல்லோருடைய மாத டூட்டியையும் ஒரே தாளில் எழுதி, எந்த நாளில் யாருக்கு ஆஃப் என்று வட்டமிட்டுக் காப்பகச் சுவரில் ஒட்டினோம். காய்ச்சல் வந்தால் அன்று ஆஃபில் இருப்பவர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவார், பதிவேட்டில் மூன்றாவது பெயர் அன்றைக்கு அவருடையது. நான் இதுவரை மூன்று பிள்ளைகளை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் மகளை இரண்டு முறை வேறொரு வீட்டில் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி பட்டமேற்படிப்பு (பி.ஜி.) படிக்கிறாள், பொது மருத்துவம், கணவருக்கு பெங்களூரில் வேலை. மகன் வாரத்தில் நான்கு இரவு இங்கேதான் தூங்குகிறான். இவளைப் பார்க்கும்போது என் கஷ்டம் சின்னதாகத் தெரிகிறது. இவளைப் போன்ற பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மணிக்கு மேல் கூடாது என்று 1992இலேயே மத்திய அரசு வழிகாட்டியிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் கொடுத்த அறிக்கையோ வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் கட்டாய ஓய்வு கொடுங்கள் என்று பரிந்துரைக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. 74 என்றாலே ஆறு நாளும் பன்னிரண்டு மணிக்கு மேல். அந்த அறிக்கைக்காகப் பதில் சொன்ன 5,337 பட்டமேற்படிப்பு மாணவர்களில் 15.3 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள், ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. இந்த எண்களைப் படித்த அன்று அந்தப் பெண்ணைத் திண்ணையில் பார்த்தேன், சுவரில் சாய்ந்து, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா எழுப்பவில்லை. மகனுக்குக் கதை சொல்லிக்கொண்டே இன்னும் அரை மணி நேரம் உள்ளேயே வைத்துக்கொண்டார்.

எலும்பு முறிவுப் பிரிவு டாக்டர் ஒருவரும் மகனைக் கூட்ட வருவார், மனைவி துபாயில் நர்ஸ். ஆண்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதே இல்லை என்று ஒரு நாள் அவரே சொன்னார். அவர் சொல்வது சரி. நானும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவு ஆயாவுக்கு எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். அம்மாவுக்கு இரவு வேலை என்றால் அந்தப் பெண்ணும் இங்கேயே வந்து, ஓரத்து அறையில் படித்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள். எங்கள் பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவர் தன் பிள்ளையை விட்டுவிட்டு வரக் கூடாது என்று அக்கா இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார். போன தீபாவளிக்குக் கட்டணத்தில் 500 ரூபாய் கூட்டினார்கள், ஆயாக்களின் சம்பளத்துக்காக என்று காரணம் சொன்னார்கள். இப்போது நான் கட்டுவது 7,500. மனசாரக் கட்டுகிறேன்.

நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும் என்பது 2017இன் அந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்தது. நான் பார்த்த வரையில் அதைத் தாளில் மட்டும் வைத்திருக்கிறார்கள். டாக்டர்களின் மனநலத்துக்கு என்று சனிக்கிழமை மாலை யோகா வகுப்பு வைத்தார்கள். யோகாவைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் நான் தியேட்டரில் இருந்தேன். உண்மையில் மாற்றம் வந்தது எங்கள் துறைக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்த பிறகுதான். அவர் செய்தது இரண்டே காரியம். அடுத்த மாத டூட்டி ரோஸ்டரை இருபதாம் தேதியே ஒட்டிவிடுகிறார். மாலை ஏழு மணிக்கு நடந்துகொண்டிருக்கும் கேஸை இரவு டூட்டி டாக்டர் வந்து ஹேண்ட்ஓவர் வாங்கிக்கொள்ள வேண்டும், கொடுத்துவிட்டுப் போகிறவரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்றார். அவர் சொன்ன மறுநாளே தன் கேஸைத் தானே ஒப்படைத்துவிட்டு எல்லோரும் பார்க்க வீட்டுக்குப் போனார். அதற்கு ஒரு பைசா செலவில்லை. எட்டு மாதமாகப் பத்து மணி வரை நிற்கும் நாட்கள் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

மாத்திரையை மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து, போன மாதம் நிறுத்தினேன். கடைசியாகப் போட்ட பி.எச்.க்யூ-9இல் 4.

இந்த மாதிரி இடம் தேடுகிறவர்கள் காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் எல்லாக் காப்பகமும் அழகாகத்தான் இருக்கும். மாலை ஏழரைக்குப் போங்கள். கடைசிப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது, விளக்கு எத்தனை எரிகிறது, பக்கத்தில் பெரியவர் யாராவது இருக்கிறாரா, அந்தப் பிள்ளை ஷூ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே நான் போன அன்று கடைசிப் பிள்ளை வெறுங்காலோடு, சமையலறைத் தரையில், பட்டாணி உரித்துக்கொண்டிருந்தது.